பன்றிக்குட்டிக் கழிச்சல்: காரணமான பாக்டீரியாவையும் அதன் திரிபையும் கண்டறிவது எப்படி?

பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் கண்டு, மலத்தை ஆய்வகத்துக்கு அனுப்பி, மூன்று நாள் காத்திருந்து வாங்கிய அறிக்கையில் "ஈ.கோலி வளர்ந்துள்ளது" என்ற ஒற்றை வரி மட்டுமே இருந்தால், அந்த அறிக்கையால் பண்ணைக்குப் பயன் ஏதுமில்லை. நோயே இல்லாத குட்டியின் பெருங்குடலிலும், தாய்ப்பன்றியின் மலத்திலும், கொட்டகைத் தரையிலும் ஈ.கோலி இருக்கத்தான் செய்யும். வளர்ந்த ஈ.கோலி குடற்சுவரைப் பற்றிக்கொள்ளும் இழைகளை உடையதா, உடையதென்றால் எந்த இழை, அது நச்சைச் சுரக்கிறதா, சுரந்தால் எந்த நச்சு என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள். ஒரே பாக்டீரியாவுக்குள் இப்படி வேறுபடும் உள்வகையைத்தான் திரிபு என்கிறோம். இவற்றுக்கு விடை கிடைத்தால்தான் தாய்ப்பன்றிக்கு எந்தத் தடுப்பூசி, குட்டிக்கு எந்த மருந்து, மருந்தே வேண்டாமா என்பதையெல்லாம் தீர்மானிக்க முடியும்.

வெண்பன்றி வளர்ப்போர், களத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவர்கள், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு, கொட்டகையில் தொடங்கி ஆய்வக மேசை வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். பெரும்பகுதியை ஈ.கோலிக்கே ஒதுக்கியிருக்கிறேன், இளங்குட்டிகளின் கழிச்சலுக்கு அடிக்கடி காரணமாவதும் அதுதான், காரணமே இல்லாதபோதும் பழி சுமப்பதும் அதுதான்.

வயதைக் குறித்துக்கொள்ளுதல்

முதலில் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் குட்டிகள் பிறந்த தேதியையும், கழிச்சல் தொடங்கிய தேதியையும், தாயிடமிருந்து பிரித்த தேதியையும் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த மூன்று தேதிகளும் தெரியாமல் மாதிரியைப் பெற்றுக்கொள்ளும் ஆய்வகம் இருட்டில் துழாவுகிறது என்றே சொல்வேன்.

பிறந்த முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் தொடங்கும் நீர்த்த மஞ்சள் கழிச்சலில் நச்சுச் சுரக்கும் ஈ.கோலியை முதலில் சந்தேகிக்க வேண்டும். அதே வயதில் கழிச்சலில் இரத்தம் கலந்து, ஓர் ஈற்றுக் குட்டிகள் பெரும்பாலும் ஒருசேர மடிந்தால், கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் 'சி' வகையை நினைக்க வேண்டும். முதல் வாரத்திலேயே வரும் மற்றொன்று கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிபிசில். ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் தொடங்கி, எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் அசையாத பசை போன்ற மஞ்சள் கழிச்சல் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவதே அல்ல. சிஸ்டோஐசோஸ்போரா சூயிஸ் என்னும் ஓரணு ஒட்டுண்ணியோ ரோட்டா வைரஸோ காரணமாக இருக்கலாம். தாயிடமிருந்து பிரித்த மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வரும் நீர்த்த கழிச்சலில் மறுபடியும் ஈ.கோலி முன்னால் வந்து நிற்கும். அதற்குப் பிந்தைய வாரங்களில் சால்மொனெல்லா, லாசோனியா, பிராக்கிஸ்பைரா ஆகிய பாக்டீரியாக்கள் சேர்ந்துகொள்ளும்.

வயதுக்கும் திரிபுக்கும் இவ்வளவு நெருக்கம் ஏன் என்பதை அறிந்துகொண்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நோயுண்டாக்கும் ஈ.கோலியின் உடலெங்கும் பிம்ப்ரியா என்னும் நுண்ணிய இழைகள் உண்டு. அவை குடற்சுவரிலுள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொண்டால்தான் பாக்டீரியா அங்கேயே தங்கிப் பெருக முடியும். பற்ற இடமில்லையென்றால் குடலின் ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படும். எஃப்5, எஃப்6 இழைகளுக்குரிய ஏற்பிகள் பிறந்த குட்டியில் நன்றாக வேலைசெய்து, வயது ஏற ஏறப் பயனற்றுப் போகின்றன. எஃப்18 இழைக்குரிய ஏற்பி பிறந்த குட்டியில் இருப்பதில்லை. ஏறத்தாழ மூன்று வார வயதில்தான் தோன்றுகிறது. எஃப்4 இழைக்குரிய ஏற்பி பிறப்பிலிருந்தே உண்டு, வளர்ந்த பிறகும் உண்டு. ஆகவே இரண்டு நாள் குட்டியில் எஃப்18 திரிபைக் குற்றம் சாட்டும் அறிக்கையையும், ஆறு வாரக் குட்டியில் எஃப்5 திரிபைக் குற்றம் சாட்டும் அறிக்கையையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பிகள் மரபு வழியாக வருபவை. ஒரே கூண்டில் ஒரே தண்ணீரைக் குடித்த பத்துக் குட்டிகளில் ஏழு படுத்துவிட மூன்று மட்டும் ஓடித் திரிகின்றன என்றால், அந்த மூன்றின் குடலிலும் எஃப்4 ஏற்பி இல்லாமல் இருக்கலாம். எஃப்18 ஏற்பிக்கு அடிப்படையான ஃபுட்1 என்னும் மரபணுவில் 307ஆம் இடத்திலுள்ள ஓர் எழுத்து மாற்றத்தைக் கொண்டு, நோய் தாக்காத பன்றிகளை இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு.

பழைய நூல்களைப் படிப்போர் குழம்பக் கூடாது என்பதற்காக ஒரு சொல். எஃப்4 என்பதே முன்பு கே88. எஃப்5 என்பது கே99. எஃப்6 என்பது 987பி. கண்டுபிடித்த காலத்தில் முதல் இரண்டையும் உறைப்பொருள் எனக் கருதிக் 'கே' வரிசையில் சேர்த்தார்கள். இழை என்று தெரிந்த பிறகு 'எஃப்' வரிசைக்கு மாற்றினார்கள். தடுப்பூசிக் குப்பியின் மேல் இன்றும் பழைய பெயரே அச்சாகி வருவது உண்டு.

கொட்டகையில் பார்க்க வேண்டியவை

அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பி.எச். காகிதக் கட்டு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். குட்டியின் வாலைத் தூக்கி, மலக்குடலிலிருந்து அப்போதே வெளிவரும் கழிச்சலில் காகிதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து எடுத்தால் சிறுநீர் கலந்து கணக்கு கெட்டுவிடும். நச்சுச் சுரக்கும் ஈ.கோலியின் கழிச்சல் காரத்தன்மை கொண்டது. ஏனெனில் குடற்சுவர் சிதையாமல் இருக்கும்போதே, உப்பும் பைகார்பனேட்டும் நீரும் உள்ளிருந்து குடலுக்குள் இறைக்கப்படுகின்றன. ரோட்டா, கொரோனா வைரஸ்கள், குடலின் உட்சுவரில் விரல் போல நீண்டு சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளையே குட்டையாக்கிவிடுவதால், செரிக்காத பாற்சர்க்கரை பெருங்குடலில் புளித்துக் கழிச்சல் அமிலமாகிறது. சிவப்பு லிட்மஸ் நீலமானால் ஈ.கோலி, நீலம் சிவப்பானால் வைரஸ் என்று இதைக் கொண்டு தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் ஐந்தாறு குட்டிகளில் தொட்டுப் பார்த்து எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால், அடுத்து எந்தச் சோதனைக்குப் பணம் செலவிடுவது என்பது தெளிவாகும்.

கூடவே சிலவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தலையீற்றுப் பன்றியின் குட்டிகளுக்கு மட்டும் வருகிறதா, எல்லா ஈற்றிலுமா? பன்றியில் நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் எதிர்ப்புப் புரதம் குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பால் ஒன்றே வழி, அதுவும் ஏறத்தாழ முதல் ஒரு நாளைக்குள் குடித்தாக வேண்டும். பண்ணையின் கிருமிகளுக்கு இன்னும் பழகாத தலையீற்றுப் பன்றியின் சீம்பாலில் அந்த எதிர்ப்புப் புரதங்கள் குறைவாக இருப்பதால், அதன் குட்டிகள் முதலில் விழும். குட்டிகள் படுக்கும் மூலை குளிர்ந்திருக்கிறதா என்பதையும் கை வைத்துப் பார்க்க வேண்டும். தாய்க்கு 20 டிகிரி இதமாக இருக்கும்போது பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வரை தேவைப்படுகிறது. பிரித்த குட்டிகளுக்கு ஓட்டல் கழிவு உணவை ஒரே நாளில் முழுத்தீவனமாக மாற்றினார்களா என்பதை நம் ஊர்ப் பண்ணைகளில் தவறாமல் கேட்க வேண்டும். கேட்டால் பதில் பெரும்பாலும் 'ஆமாம்' என்றுதான் வரும்.

ஓர் எச்சரிக்கை. காது, வயிற்றுத்தோல் சிவந்தோ ஊதா நிறமாகவோ மாறி, கடும் காய்ச்சலோடு எல்லா வயதுப் பன்றிகளும் இறந்தால், அது பன்றிக்காய்ச்சலாகவோ ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலாகவோ இருக்கக்கூடும். அந்த நிலையில் பண்ணையாளர் தாமாக வயிற்றைக் கிழித்துப் பார்க்கக் கூடாது. கால்நடை மருத்துவமனைக்கோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ உடனே தெரிவித்துவிட்டு, பன்றி எதையும் வெளியே அனுப்பாமல் காத்திருக்க வேண்டும்.

மாதிரி எடுத்தல்

ஆய்வகத்தின் தவறென்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி மாதிரி எடுத்தவரின் தவறு. நான் பார்த்த ஒரு தட்டை இங்கே சொல்ல வேண்டும். முந்தின நாள் மாலை இறந்த குட்டியின் குடல், பாலித்தீன் பையில், ஐஸ் எதுவும் இல்லாமல், இரவு முழுவதும் பேருந்தில் பயணம் செய்து வந்து சேர்ந்தது. மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தபோது பாக்டீரியா வளர்க்கும் இரத்த அகார்த் தட்டு முழுவதும் புரோட்டியஸ் என்னும் வேறொரு பாக்டீரியா அலையலையாகப் படர்ந்து, கரையில் நுரை ஒதுங்கியது போல் வளையம் வளையமாகக் கிடந்தது. அதற்கு அடியில் எது இருந்தது, எது இல்லை என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பண்ணையாளருக்கு இரண்டு குட்டிகளும், போக வர ஒரு நாளும் நட்டம்.

இறந்த குட்டியை விட, கழிச்சல் தொடங்கி ஒரு நாளைக்குள் இருக்கும், இன்னும் மருந்தே போடாத, உயிருள்ள குட்டி பல மடங்கு மதிப்புள்ளது. நீண்ட நாளாகக் கழிந்து நலிந்துபோன குட்டியில் நோயைத் தொடங்கிய திரிபு மறைந்து, வேறு ஏதோ ஒன்று நிறைந்திருக்கும். எல்லாக் குட்டிகளுக்கும் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால், புதிதாகக் கழிச்சல் தொடங்கும் ஈற்றுக்காகக் காத்திருப்பது நல்லது.

குட்டியைப் பலியிட மனமில்லாத இடத்தில், ஐந்து குட்டிகளுக்குக் குறையாமல் மலக்குடலிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அவற்றை ஏமிஸ் அல்லது ஸ்டூவர்ட் கடத்தூடகக் குழாயில் செருகி அனுப்பலாம். ஆனால் இரண்டு மூன்று குட்டிகளைக் கால்நடை மருத்துவர் முறைப்படி வலியின்றிக் கொன்று உடனே திறந்து பார்ப்பதே சிறந்த வழி. குடலின் உட்சவ்வு இறந்த சில நிமிடங்களிலேயே கரையத் தொடங்குவதால், கொல்வதற்கு முன்பே ஃபார்மலின் புட்டியும் நூலும் கத்தரிக்கோலும் மேசையில் தயாராக இருக்க வேண்டும்.

நடுச்சிறுகுடலிலும் பின்சிறுகுடலிலும் விரல் நீளத் துண்டுகளை இரு முனையும் நூலால் கட்டி, தனித்தனிப் பையில் இட்டு, ஐஸ் பேக்குகளுக்கு நடுவே வைத்து அனுப்ப வேண்டும். உறைய வைக்கக் கூடாது. திசு ஆய்வுக்கான துண்டுகளை மட்டும் முனை கட்டாமல், நீளவாக்கில் சிறிது திறந்து, 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப் போல் பத்து மடங்கு கரைசலில் மூழ்க வைக்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியத்தின் நச்சைத் தேட வேண்டுமானால் குடல் உள்ளடக்கத்தில் ஒரு பகுதியைத் தனிக் குழாயில் எடுத்து உறைய வைப்பது சரி. அதற்கு மட்டுமே இந்த விதிவிலக்கு. ஒவ்வொரு பையின் மேலும் குட்டியின் எண், வயது, தாயின் எண், கொடுத்த மருந்து ஆகியவற்றைப் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஐஸ் நீரில் அழிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இத்தகைய மாதிரிகளை மாவட்டப் புலனாய்வுப் பிரிவு வழியாகவோ, கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளுக்கோ கொண்டுசெல்லலாம். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மாலையைத் தவிர்த்து அனுப்புவது புத்திசாலித்தனம்.

வயிற்றைத் திறக்கும்போது

நச்சுச் சுரக்கும் ஈ.கோலியால் இறந்த பால்குடிக் குட்டியின் வயிற்றைத் திறந்தால் பயங்கரமாக ஒன்றும் தென்படாது. புதியவர்கள் ஏமாறுவது அதனால்தான். இரைப்பையில் திரைந்த பால் நிறைந்திருக்கும். சிறுகுடல் தளர்ந்து, நீர் நிரம்பி, சுவர் மெலிந்து காணப்படும். குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கொழுப்பை உறிஞ்சிச் செல்லும் நிணநாளங்கள் வெள்ளை நூல் கட்டியது போலத் தெரியும். அந்த வெள்ளை நூல்கள் இருந்தால் குடலுறிஞ்சிகள் வேலை செய்துகொண்டிருந்தன என்று பொருள். குட்டி பால் குடித்திருந்தும் அவை தெரியவில்லையென்றால் உறிஞ்சிகளை அழித்த வைரஸைத் தேட வேண்டும். எனக்குத் தெரிந்து, காசு செலவில்லாமல் இவ்வளவு செய்தி சொல்லும் சோதனை வேறில்லை.

நடுச்சிறுகுடல் கருஞ்சிவப்பாக மாறி, சுவருக்குள் காற்றுக் குமிழிகளோடு, உள்ளே இரத்த நீர் தேங்கியிருந்தால் கிளாஸ்ட்ரிடியம் 'சி' வகை. பெருங்குடல் மடிப்புகளுக்கிடையே கூழ் போன்ற நீர்க்கோப்பு இருந்தால் டிபிசிலை நினைக்கலாம். ஆனால் தாயிடமிருந்து பிரித்த ஓரிரு வாரத்தில் கண்ணிமை வீங்கி, தள்ளாடி, குரல் மாறி இறந்த கொழுத்த குட்டியில் இரைப்பைச் சுவரும் பெருங்குடல் மடிப்பும் நீர்கோத்திருந்தால், அது ஷிகா நச்சு 2இ சுரக்கும் ஈ.கோலியால் வரும் வீக்க நோய். இதில் ஒரு சிக்கல் உண்டு: நச்சு இரத்தத்தில் கலந்து வேலையைக் காட்டுவதற்குள் குடலில் பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. ஆகவே இறந்த குட்டியில் மட்டும் தேடாமல், அதே கூண்டில் இன்னும் நன்றாக இருக்கும் குட்டிகளிடமிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும்.

தட்டில் வளர்த்தல்

குடல் உள்ளடக்கத்தை 5 சதவீத ஆட்டு இரத்தம் சேர்த்த அகாரிலும் மெக்கான்கி அகாரிலும் தீட்டி, 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைக்க வேண்டும். மெக்கான்கியில் ஈ.கோலி இளஞ்சிவப்பாக வளரும், ஈ.எம்.பி. அகாரில் பச்சை உலோகப் பளபளப்போடு நிற்கும். ஆனால் திரிபைத் தேடுபவருக்கு முக்கியமானது இரத்தத் தட்டு. அதை விளக்கின் எதிரே தூக்கிப் பிடித்தால், சில சாம்பல் நிறப் பாக்டீரியாக் குவியல்களைச் சுற்றி இரத்த அணுக்கள் கரைந்து கண்ணாடி போலத் தெளிந்த வட்டம் தெரியும். எஃப்4, எஃப்18 திரிபுகளில் பெரும்பாலானவை இப்படி இரத்தத்தைக் கரைப்பவை. எஃப்5, எஃப்6, எஃப்41 திரிபுகள் பொதுவாகக் கரைப்பதில்லை. ஆகவே பால் மறந்த குட்டியின் சிறுகுடலிலிருந்து தட்டு முழுக்கக் கரைக்கும் குவியல்களே நிறைந்திருந்தால் அது வலுவான சான்று; இரண்டு நாள் குட்டியில் வட்டமே இல்லாததைக் கண்டு ஈ.கோலி நிரபராதி என்று விட்டுவிடக் கூடாது.

எவ்வளவு வளர்ந்தது என்பதையும் எழுத வேண்டும். சிறுகுடலிலிருந்து ஏறத்தாழ ஒரே வகைக் குவியல்கள் அடர்த்தியாக வந்தால் பொருளுண்டு. மலத்திலிருந்து பலவகைக் குவியல்களுக்கு நடுவே நாலைந்து ஈ.கோலி வந்தால் பெரிய பொருளில்லை. தோற்றத்தில் வேறுபடும் ஒவ்வொரு வகையிலும் எடுத்து, குறைந்தது ஐந்து குவியல்களைத் தனித்தனியாகத் தூய்மைப்படுத்த வேண்டும். ஒரே ஒரு குவியலை மட்டும் எடுத்துச் சோதித்து 'நோயுண்டாக்கும் திரிபு இல்லை' என்று எழுதுவது, சந்தைக்குப் போய் ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டு ஊரில் திருடனே இல்லை என்பதைப் போன்றது.

இனத்தை உறுதிசெய்யும் வேதிச் சோதனைகளில் இண்டோல், மெத்தில் ரெட் இரண்டும் நேர்மறையாகவும், வோஜஸ்-புரோஸ்கௌர், சிட்ரேட் இரண்டும் எதிர்மறையாகவும் வர வேண்டும். புரதங்களின் எடையைக் கொண்டு இனத்தைக் கண்டறியும் மால்டி-டாஃப் கருவி உள்ள ஆய்வகத்தில் சில நிமிடங்களில் இந்த வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கருவி இனத்தின் பெயரைச் சொல்லுமே தவிர, இழையையும் நச்சையும் சொல்லாது. அந்த அச்சுத்தாளோடு நிறுத்திக்கொண்டால் தொடங்கிய இடத்திலேயேதான் நிற்கிறோம்.

திரிபைப் பிரித்தறிதல்

எளிய வழி கண்ணாடித் தகட்டுத் திரட்சிச் சோதனை. சுத்தமான தகட்டில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, குவியலைக் கம்பி வளையத்தால் எடுத்து அதில் பால் போலக் கரைக்க வேண்டும். முதலில் உப்புநீரிலேயே தானாகத் திரிகிறதா என்று பார்க்க வேண்டும். திரிந்தால் அந்தக் குவியலுக்கு இச்சோதனை பயன்படாது. திரியாவிட்டால் எஃப்4 இழையைப் பற்றும் எதிர்ப்புப் புரதம் அடங்கிய எதிர்ச்சீரம் ஒரு சொட்டுச் சேர்த்துத் தகட்டை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்ட, ஒரு நிமிடத்துக்குள் மணல் மணலாகத் திரண்டால் நேர்மறை. இதில் ஒரு பொறி இருக்கிறது: பாக்டீரியா தன் இழைகளை எல்லா ஊடகத்திலும் வளர்ப்பதில்லை. எஃப்5, எஃப்41 இழைகள் மின்கா என்னும் சத்துக் குறைந்த ஊடகத்தில்தான் நன்றாக வெளிப்படும். எஃப்18 ஆய்வகத் தட்டில் வெளிப்படத் தயங்கும். 18 டிகிரி போன்ற குளிர்ந்த வெப்பநிலையில் இவை வளர்வதே இல்லை. எனவே திரண்டால் நம்பலாம். திரளாவிட்டால் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

இந்தக் குறையைத் தீர்ப்பது, தேடும் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். தூய குவியலை 100 மைக்ரோலிட்டர் சுத்த நீரில் கலந்து, 95 டிகிரிக்கு மேல் பத்து நிமிடம் சூடாக்கி, சுழற்றி, மேலே தெளிந்த நீரை எடுத்தால் அதுவே போதுமான டி.என்.ஏ. ஒவ்வொரு மரபணுவையும் தேடிப் பற்றும் சிறு டி.என்.ஏ. துண்டுகளான முன்தொடர்களைப் பல இணையாக ஒரே குழாயில் சேர்த்து, எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்18, எஃப்41 ஆகிய இழைகளின் மரபணுக்களையும், வெப்பத்தில் செயலிழக்கும் நச்சான எல்.டி., வெப்பத்தைத் தாங்கும் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., வீக்க நோயின் ஷிகா 2இ ஆகியவற்றின் மரபணுக்களையும் தேடலாம். அகரோஸ் கூழில் ஓட்டினால் ஒவ்வொன்றும் தன் அளவுக்கேற்ற பட்டையாகத் தெரியும். தேடும் மரபணுக்களை உடைய தெரிந்த திரிபுகளும், எதுவுமற்ற வெறும் நீரும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஓட வேண்டும்; நீர் ஓடிய தடத்தில் பட்டை தெரிந்தால் அன்றைய வேலை முழுவதையும் குப்பையில் போட வேண்டியதுதான்.

சில ஆய்வகங்கள் நேரம் மிச்சமாகும் என்று மலத்திலிருந்தே நேரடியாக டி.என்.ஏ. எடுத்துப் பி.சி.ஆர். செய்கின்றன. முதல்கட்ட வடிகட்டலுக்கு அது சரி. ஆனால் மலத்தில் எஃப்18 மரபணுவும் எஸ்.டி.பி. மரபணுவும் கிடைத்தால், இரண்டும் ஒரே பாக்டீரியாவுக்குச் சொந்தம் என்பதற்கு உத்தரவாதமில்லை. இழை ஒன்றிடமும் நச்சு வேறொன்றிடமும் இருக்கலாம். குற்றவாளி இவன்தான் என்று சொல்ல, இரண்டும் ஒரே தூய குவியலில் கிடைக்க வேண்டும்.

கிடைத்த முடிவை இழையும் நச்சுமாக ஒரே வரியில் எழுதுவது வழக்கம். 'எஃப்4: எல்.டி.: எஸ்.டி.பி.' என்றால் பிறந்த குட்டியிலும் பால் மறந்த குட்டியிலும் கழிச்சலை உண்டாக்கும் நன்கு அறியப்பட்ட திரிபு. பாக்டீரியாவின் மேற்பரப்பைக் கொண்டு பிரிக்கும் சீரவகைகளில் ஓ149 என்பதோடு இது அடிக்கடி சேர்ந்து வரும். 'எஃப்5: எஸ்.டி.ஏ.' என்றால் பிறந்த குட்டிக்குரியது. 'எஃப்18: ஷிகா 2இ' என்றால் வீக்க நோய், இங்கே ஓ138, ஓ139, ஓ141 ஆகியவை வழக்கமான சீரவகைகள். எஃப்18 உடைய திரிபில் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. இருந்தால் கழிச்சல், சில திரிபுகளில் இரண்டு வேலைக்கும் உரிய நச்சுகள் சேர்ந்தே இருக்கும். இழை மட்டும் இருந்து நச்சு இல்லாத குவியலை நோய்க்காரணமாகக் கொள்ளக் கூடாது. நச்சு இருந்து தெரிந்த இழை எதுவும் இல்லையென்றால், அய்டா எனப்படும் ஒட்டுப்புரதத்தின் மரபணுவைத் தேடிப் பார்க்கலாம். ஓ-சீரவகை எண்ணை மட்டும் கொடுத்து நிறுத்தும் அறிக்கை பாதி அறிக்கை. அந்த எண் பாக்டீரியாவின் மேற்சட்டையைச் சொல்கிறதே தவிர, கையிலுள்ள கருவியைச் சொல்வதில்லை.

இவற்றுக்கு மேலாகத் திசு ஆய்வின் கண்ணாடித் தகட்டைப் பார்க்க வேண்டும். குடலுறிஞ்சிகள் நீளம் குறையாமல் நிற்க, அவற்றின் ஓரம் முழுவதும் குச்சி வடிவ பாக்டீரியாக்கள் வேலி கட்டியது போல் ஒட்டியிருந்தால், பி.சி.ஆர். முடிவும் அதுவும் கைகோத்துக்கொள்ளும்.

மற்ற பாக்டீரியாக்களைப் பற்றிச் சுருக்கமாக

கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸை ஆக்சிஜன் இல்லாத கலத்தில் இரத்த அகாரில் வளர்த்தால் உள்ளே தெளிவும் வெளியே மங்கலுமாக இரட்டை வட்டம் தெரியும். ஆனால் 'ஏ' வகை நலமான குட்டியிலும் உண்டு என்பதால், நச்சு மரபணுக்களைக் கொண்டு வகை பிரிக்காமல் பயனில்லை. 2018இல் ஏ முதல் ஈ வரை இருந்த வகைப்பாடு ஜி வரை விரிவாக்கப்பட்டது. பீட்டா நச்சு மரபணு இருந்து எப்சிலான் இல்லாவிட்டால் 'சி' வகை. இந்தப் பீட்டா நச்சை, குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதியான டிரிப்சின் அழித்துவிடும். சீம்பாலில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருப்பதால்தான் பிறந்த குட்டிகள் இதற்கு இவ்வளவு எளிதாகப் பலியாகின்றன. டிபிசிலுக்கு வளர்ப்பை விடப் பெருங்குடல் உள்ளடக்கத்தில் ஏ, பி நச்சுகளை, எதிர்ப்புப் புரதத்தைக் கொண்டு கண்டறியும் எலைசா முறையில் காண்பதே சான்று.

சால்மொனெல்லாவுக்குப் பெப்டோன் நீரில் ஓர் இரவு ஊறவைத்து, ராப்பபோர்ட் ஊடகத்தில் 41.5 டிகிரியில் செறிவூட்டி, எக்ஸ்.எல்.டி. அகாரில் நடுவில் கறுத்த சிவப்புக் குவியலைத் தேட வேண்டும். காலரேசூயிஸ் சீரவகை சில செறிவூட்டல் ஊடகங்களில் சரியாக வளராததால், கல்லீரல், மண்ணீரல், நிணநீர்க் கணு ஆகியவற்றிலிருந்து நேரடியாகவும் தீட்ட வேண்டும். சால்மொனெல்லா மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் குடலைத் தொடக் கூடாது. லாசோனியா செல்லுக்குள் மட்டுமே வாழ்வதால் எந்தத் தட்டிலும் வளராது. பின்சிறுகுடல் தடித்துக் குழாய் போலிருந்தால் பி.சி.ஆர்., வெள்ளிச் சாயம் போன்றவற்றை நாட வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்த பிறகு

பிறந்த குட்டிகளில் எஃப்4, எஃப்5, எஃப்6, எஃப்41 ஆகியவற்றில் ஒன்று உறுதியானால், அந்த இழை அடங்கிய தடுப்பூசியைச் சினைப்பன்றிக்குக் குட்டி ஈனுவதற்கு ஐந்தாறு வாரம் முன்பும், இரண்டு மூன்று வாரம் முன்பும் போட்டு, குட்டிகள் முதல் நாளிலேயே சீம்பால் குடிப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தடுப்பூசியில் உள்ள இழையும் அறிக்கையில் உள்ள இழையும் ஒன்றா என்று குப்பியைத் திருப்பிப் படிக்க வேண்டும். அதே ஊசி பால் மறந்த பிறகு வரும் கழிச்சலைத் தடுக்காது. தாய்ப்பால் நின்ற நாளிலேயே அந்தப் பாதுகாப்பும் நின்றுவிடுகிறது. எஃப்18 தாய்ப்பன்றிகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளில் பெரும்பாலும் இருப்பதுமில்லை.

கழிச்சலால் குட்டி இறப்பது நீரும் உப்பும் வற்றித்தான். ஈ.கோலி நச்சு குடலுறிஞ்சிகளை அழிப்பதில்லை என்பதால், குளுக்கோஸும் உப்பும் கலந்த கரைசலைக் குடல் இன்னும் உறிஞ்சும்; ஆன்டிபயாடிக்கைத் தேடி ஓடுவதற்கு முன் இதைத் தொடங்க வேண்டும். மருந்தைத் தேர்வுசெய்ய, தூய திரிபை மூலர்-ஹின்டன் அகாரில் பரப்பி, மருந்து தோய்த்த வில்லைகளை வைத்துப் பார்க்கும் வில்லைச் சோதனை செய்ய வேண்டும். கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு மட்டும் வில்லைச் சோதனை நம்பத்தக்கதல்ல. குழம்பில் நீர்த்து அளக்கும் முறை தேவை. ஆனால் இந்தியாவில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் தயாரிப்பதும் விற்பதும் விநியோகிப்பதும் 2019 ஜூலையிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டதால், அது பண்ணைக்கான தேர்வே அல்ல. பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தின் வழியாகப் பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவும் எம்.சி.ஆர்-1 என்னும் கோலிஸ்டின் எதிர்ப்பு மரபணு 2015இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்டது, அங்குள்ள பன்றிகளின் ஈ.கோலியை ஆராய்ந்தபோதுதான். தீவனத்தில் கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் வரை துத்தநாகம் சேரும்படி துத்தநாக ஆக்சைடு கலந்து பிரிப்புக் காலக் கழிச்சலை அடக்கும் வழக்கத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது.

கடைசியாக, அறிக்கையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கண்டறிந்த திரிபைச் சரிவு அகாரிலோ, கிளிசராலில் உறைய வைத்தோ பாதுகாத்து வைக்கும்படி ஆய்வகத்தில் கேட்டுவிட்டு வர வேண்டும். அடுத்த ஆண்டு அதே கொட்டகையில் மறுபடி கழிச்சல் வந்தால், பழைய திரிபையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, வந்திருப்பது பழைய விருந்தாளியா, புதிதாக வாங்கிய பன்றியோடு வந்தவனா என்று ஒரே பி.சி.ஆர். கூழில் பார்த்துவிடலாம், இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் ஏழு மரபணுக்களின் வரிசையை ஒப்பிடும் முறையும் முழு மரபணுத்தொகுதி வரிசைமுறையும் இருக்கின்றன. குழாயின் மேல் பண்ணையின் எண்ணும் தேதியும் எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் நேரில் பார்த்துவிடுவது நல்லது.